காற்றுக்கு இடம் மாறும் குசினி

எங்கள் கடைக்கு இரண்டு குசினி இருந்தது என்று நான் சொல்வதைக் கேட்டுப் பெரிய ஹோட்டல் வைத்திருந்தேனாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது ஒரேயொரு குசினிதான், ஒரு சமையல் கொட்டில். அது ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறும், அவ்வளவுதான்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தர்மபுரத்தில், வீதியைப் பார்த்தபடி நின்றது கடை. அரைச்சுவர், மேலே தென்னோலைக் கிடுகுக் கூரை, உள்ளே மூன்று நீட்டு மேசை, ஆறு வாங்கு. காலையில் இடியப்பமும் சம்பலும், மத்தியானம் சோறு, நாள் முழுக்கத் தேத்தண்ணி. என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்தார். கடையை நான் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று அவர் சொல்லுவார். வாயில்லாதவள் வீதியோரத்தில் கடை நடத்தட்டும் பார்ப்போம்.

சாப்பாட்டுக்கடைக்கு வெள்ளி செவ்வாய் முக்கியமில்லை, மாதம்தான் முக்கியம். மாசி, பங்குனியில் அறுவடை. நெல் ஏற்ற வரும் லொறிக்காரர் வாங்கில் இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். அந்த ஒரு கிழமை பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கும். பிறகு ஆவணி, புரட்டாதியில் கிணறு கீழே போய்விடும், தண்ணீரை அளந்து அளந்து சட்டி கழுவவேண்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை வீதிக்கு மேலால் வெள்ளம், பஸ் வராது. அவித்த இடியப்பத்தை நாங்களே பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு முடிப்போம். இவ்வளவையும் நான் சமாளித்தேன். வெள்ளத்துக்கு முந்தியே விறகு அடுக்கினேன், மாவை வறுத்து வைத்தேன், கோடையில் தண்ணி வண்டிக்காரனோடு நல்ல உறவாக இருந்தேன். நெருப்புக்கு மட்டும்தான் பயம். கிடுகுக் கூரைக்குக் கீழே கடை வைத்தவள் நெருப்புக்குப் பயப்படாமல் இருந்தால் அவளுக்கு விசர்.

அதனால்தான் குசினி இடம் மாறியது. வைகாசியில் சோளகம் தொடங்கும், தென்மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் காற்று. அப்போது அடுப்பு கடைக்குக் கிழக்கே இருக்கவேண்டும், பொறி பறந்தாலும் வெறுங்காணிக்குப் போகும். ஐப்பசிக்குப் பிறகு வாடை. அது வடகிழக்கிலிருந்து வரும், ஆகவே அடுப்பு மேற்கே போய்விடும். நாலு மரக் கப்பு, மேலே பழைய தகரம், மூன்று அடுப்பு. இரண்டு பேர் வந்தால் அரைநாள் வேலை. கப்பு நட்ட குழிகள் இரண்டு பக்கமும் எப்போதும் தயாராக இருக்கும். மாற்றிய அன்று புது இடத்தில் முதலில் பால் காய்ச்சுவோம். எங்கள் பக்கத்தில் கூரைக்கடை வைத்திருந்த எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள், யாரும் அதைப் பெரிதாகக் கதைத்ததில்லை.

சமையலுக்கு நின்றவரைச் சமையலக்கா என்றுதான் ஊரே கூப்பிட்டது, நானும் அப்படித்தான். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீட்டை விட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடும் புருஷனோடும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். இந்த நாட்டில் பிறந்தும் இந்த நாட்டுக் குடியாக எழுதப்படாதவர். அந்தப் பெட்டிக்குள் அவருடைய பிறப்புப் பதிவு இருந்தது, தகப்பனின் பேர் பதிந்த தோட்டத்துப் பதிவுத் துண்டு இருந்தது, பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட பற்றுச்சீட்டு இருந்தது. "இந்தப் பொட்டிதாங்க அம்மா நானு," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் அதைப் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

அவருடைய கொட்டில் பள்ளத்தில். மழைக்காலத்தில் உள்ளே முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆகவே ஐப்பசியில் குசினி மேற்கே போகும் அன்று, கப்புக் கிளப்ப வரும் அந்த இரண்டு பேருமே பெட்டியைச் சுமந்து வந்து எங்கள் கடைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். வைகாசியில் குசினி கிழக்கே வரும் அன்று இறக்கி, திரும்ப அவர் கொட்டிலில் கொண்டுபோய் வைப்பார்கள். அடுப்பு மாறும் நாள்தான் பெட்டி மாறும் நாளும். மூன்று வருடம் அப்படி நடந்தது.

எண்பதாம் ஆண்டு தை மாதம் ஒரு காப்புறுதி ஏஜெண்டர் தேத்தண்ணி குடிக்க வந்தார். குடித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அக்கா, இது பத்தினா என்ன செய்வியள்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அபசகுனம் பிடித்த கேள்வி. ஆனால் கேள்வி நியாயமானது. எரிந்தால் நட்டத்துக்குக் காசு தரும் காப்புறுதியை அவர் விளங்கப்படுத்தினார், நானும் குறுக்குக் கேள்வி கேட்டேன், இரண்டாவது தேத்தண்ணியும் வந்தது. கடைசியில் ஓம் என்றேன். அவர் நாடாவைப் பிடித்துக் கடையை அளந்து ஒரு படம் வரைந்தார். வாடைக்காலம், குசினி மேற்கே நின்றது, மேற்கிலேயே வரைந்தார். கீழே கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "அக்கா, எல்லாம் இந்தப் படத்தில உள்ளபடி இருக்கவேணும். ஒரு அடி மாறினாலும் கந்தோரில ஆயிரம் கேள்வி கேப்பினம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஊரெல்லாம் கதைக்கிற வாய் அன்றைக்குப் பார்த்துப் பூட்டிக்கொண்டது. ஏன் என்று கேட்டால், வெட்கம். சப்பாத்தும் கைப்பையுமாக வந்த மனிசனிடம் எங்கள் குசினி வருடத்துக்கு இரண்டு தரம் நடந்து போகும் என்று சொன்னால் பட்டிக்காடு என்று சிரிப்பார் என்று நினைத்தேன். பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

காப்புறுதிப் பத்திரம் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, பரணுக்கு நேர் கீழே, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாப்பிட வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். லொறிக்காரர் ஒருவர் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை.

வைகாசி பிறந்தது. ஒருநாள் காலை சமையலக்கா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று புகையைப் பார்த்தார். புகை கடைக்குள் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, காத்து திரும்பிருச்சுங்க. ஆளுகளக் கூப்பிடுங்க, அடுப்ப மாத்திருவோம். பொட்டியையும் எறக்கிரலாம். ஆனி மாசம் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்குதுங்க."

"இந்த முறை மாத்தேலாது, அக்கா," என்றேன். "காப்புறுதிக் கடுதாசியில குசினி மேற்கதான் இருக்கு. மாத்தினா நெருப்புப் பிடிச்சாலும் ஒண்டும் தரமாட்டாங்கள்."

"மாத்தாட்டித்தானேங்க நெருப்புப் புடிக்கும்?"

கோபம் வந்தால் நான் நீங்கள் என்பதை விட்டு நீர் என்று இறங்கிவிடுவேன். "உமக்கு உந்தக் கந்தோர்க் கதையள் விளங்காது. நீர் சமையலைப் பாரும்," என்றேன். அவர் அகப்பையோடு உள்ளே போனார். வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நிலைமையைக் கேட்டுவிட்டு, "காத்து உம்மட கடுதாசியை வாசிக்குமோ?" என்றார். அவருக்கும் இரண்டு வார்த்தை கிடைத்தது. ஆட்களை நான் கூப்பிடவில்லை. அடுப்பு மாறவில்லை, ஆகவே பெட்டியும் இறங்கவில்லை. ஒரு பெட்டியை மட்டும் இறக்க என்ன கஷ்டம் என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். பொங்கல் கிழமை, இருபது வேலை. பொங்கல் முடியட்டும் என்று நானும் சொன்னேன், சமையலக்காவும் தலையாட்டினார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி, மத்தியானம், இரண்டு பஸ் ஒன்றாக வந்து நின்றன. குழந்தை குட்டியோடு சனம் வாங்குகளை நிறைத்துவிட்டது. சோறு இன்னும் கொதி வரவில்லை. சமையலக்கா விறகைக் குறைத்து, மெல்ல மெல்ல எரித்துக்கொண்டிருந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் சோற்றுக் கிடாரத்துக்கு முன்னால் போய் நின்று முதுகால் மறைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பிடிச் சமைச்சா சனம் பொங்கல் முடிஞ்சு திரும்பி வாறபோதுதான் சாப்பிடும்!" என்று கத்திக்கொண்டு போய், காய்ந்த தென்னோலைக் கட்டு ஒன்றை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். அதைத் தள்ளியது நான்தான். வேறு யாரும் இல்லை.

"அம்மா, வேணாங்க!" என்றார் அவர். சுவாலை எழும்பியதும் காற்று வீசியதும் ஒன்றாக நடந்தது. எரிகிற ஓலைத் துண்டு ஒன்று தகரத்துக்கு வெளியே பறந்து, கடைக் கூரையின் விளிம்பில் குந்தியது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு கூரை முழுவதும் படபடவென்று பிடித்தது.

அம்மாளாச்சி காப்பாற்றினாள், ஒரு உயிருக்கும் சேதமில்லை. பஸ்ஸில் வந்த ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கி வெளியே விட்டார்கள், வாங்குகளை இழுத்துப் போட்டார்கள், கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றினார்கள். நான் உள்ளே ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று அப்போது யோசிக்கவில்லை, கால் ஓடியது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தில் சமையலக்கா நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி ஓடப் போனேன், என் வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டார். பரண் சரிந்து விழுந்தது.

மறுநாள் காலை நானும் சமையலக்காவுமாகச் சாம்பலைக் கிளறினோம். தகரப் பெட்டி சப்பளிந்து கிடந்தது. உள்ளே கறுப்பாகத் தூள். பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. அதை அவர் கையில் எடுத்துத் துடைத்தார். "அந்தக் கண்ணாடிய எடுத்தீங்களே அம்மா," என்றார். "கைய மேல நீட்டியிருந்தா..." பூட்டை என் கையில் வைத்தார். நான் சாம்பலுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் கடைக்காக நான் அழவில்லை.

அடுத்த கிழமை காப்புறுதிக் கந்தோரிலிருந்து சேதத்தை மதிப்பிட ஒரு ஐயா வந்தார். படத்தை விரித்தார், அளந்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "குசினி படத்தில உள்ள இடத்திலதான் இருக்கு. பிரச்சினை ஒண்டும் இல்லை, முழுசாக் கிடைக்கும்."

"படத்தில உள்ள இடத்தில இருந்ததாலதான் ஐயா எரிஞ்சது," என்றேன். என் வீட்டுக்காரர் பெரிதாக இருமினார். ஐயாவுக்கு விளங்கவில்லை, விளங்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எரிந்த பொருட்களின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். கூரை, பரண், கண்ணாடி அலுமாரி, மேசை இரண்டு. நான் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியில் நான் சொன்னேன்: "ஒரு தகரப் பெட்டி. சமையலுக்கு நிக்கிற அக்கான்ர. அதுக்குள்ள அவான்ர பிறப்புப் பதிவு, தகப்பன்ர துண்டு, பிரஜாவுரிமை மனுச்சீட்டு."

அவர் பேனையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "அது கடைப் பொருள் இல்லையே, அம்மா. காப்புறுதிக்குள்ள வராது. ஒரு சதமும் கிடைக்காது."

"காசு கேட்டனானோ? எரிஞ்சதோ இல்லையோ?"

"எரிஞ்சதுதான்..."

"அப்ப எழுதுங்கோ. இதுதான் பூட்டு, பாருங்கோ. விலைக்கு ஒண்டும் போடவேண்டாம், கோடு போட்டுவிடுங்கோ. எழுதாம நீங்கள் இந்த வளவை விட்டுப் போகேலாது, சொல்லிப்போட்டன்."

அந்த மனிசன் என்னையும் பார்த்தார், என் வீட்டுக்காரரையும் பார்த்தார். இவளோடு வாழுகிறவன் நீதானே என்பதுபோல ஒரு பார்வை. பிறகு குனிந்து, நான் சொன்ன மூன்று கடுதாசியையும் ஒன்றும் விடாமல் எழுதினார். விலை போடும் இடத்தில் கோடு ஒன்று கிழித்தார். கையெழுத்தும் முத்திரையும் போட்ட கார்பன் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிவைத்தேன். அது எதற்கு உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என்னால் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

ஆனி மாதம் விசாரணைக்குச் சமையலக்காவோடு நானும் பஸ் ஏறினேன். அவர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார். கடுதாசிகள் எங்கே என்றார்கள். எரிந்துவிட்டது என்றார் அக்கா. எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று மொழிபெயர்த்தவர் தன் பாட்டுக்குச் சொன்னார். தோட்டத்துக்குப் போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வரட்டுமாம். எந்த லயத்தை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாரோ, அந்த இடத்துக்கு.

நான் எழும்பிக் கார்பன் பிரதியை மேசையில் வைத்தேன். ஆங்கிலம் என்றபடியால் அதிகாரி தானே வாசித்தார். கீழே வந்ததும் நிறுத்தி, அந்தக் கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். விலை ஏன் இல்லை என்று கேட்டார்.

"அதுக்கு ஒருத்தரும் காசு தரமாட்டினம், அதாலதான் இல்லை," என்றேன். "பொய் சொல்லுறவள் விலை போட்டிருப்பாளே. நெருப்பு என்னால வந்தது. அடுப்பை மாத்தச் சொல்லி அவா சொன்னவா, நான் மாத்தேல்லை. ஓலையைத் தள்ளினதும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கோ." மொழிபெயர்த்தவர் பாதியை விழுங்கப் பார்த்தார். "முழுசாச் சொல்லுங்கோ," என்று அவரையும் விடவில்லை.

அதிகாரி அக்காவைப் பார்த்து, மனுச்சீட்டின் இலக்கம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த மனிசி நிமிர்ந்து நின்று, எழுத்தும் இலக்கமுமாக ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தினமும் அடுப்பு மூட்டும்போது சொல்லிப் பார்ப்பாராம், வெளியே வந்த பிறகுதான் எனக்கே சொன்னார். பெரிய பதிவுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து புரட்டினார்கள். இலக்கம் இருந்தது, அதற்கு நேரே அக்காவின் பேரும் தகப்பனின் பேரும் இருந்தன. ஆதாரம் நெருப்பில் அழிந்ததை ஏற்றுக்கொள்வதாக அதிகாரி மனுக் கோவையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மிச்சத்தைத் தாங்களே தோட்டத்திலிருந்து எடுப்பார்களாம். நாங்கள் வெளியே வந்து ஆளுக்கு ஒரு சோடா குடித்தோம்.

காப்புறுதிக் காசில் கூரை போட்டுக் கடையைத் திறந்தேன். திறந்த அன்றே ஏஜெண்டரைக் கூப்பிட்டு, குசினி நடக்கும் கதையை வெட்கமில்லாமல் முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா, இரண்டு இடத்தையும் கீறியிருப்பனே," என்றார். எனக்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது. புதுப் படத்தில் கிழக்கே ஒரு சதுரம், மேற்கே ஒரு சதுரம் கீறி, எந்தக் காற்றுக்கு எது என்று எழுதினார்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த கிழமை அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தது. பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. கப்புக் கிளப்ப வந்த இரண்டு பேரும் அப்போது குசினியை மேற்கே நட்டு முடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கடிதத்தை மூன்று தரம் உரத்து வாசித்துக் காட்டினேன். பிறகு என் பெருமை பழையபடி தலைதூக்கியது. "இஞ்ச பாருங்கோ அக்கா, இதையும் கண்ணாடிச் சட்டம் போட்டு என்ர பத்திரத்துக்குப் பக்கத்தில மாட்டுவம்," என்றேன்.

அவர் கடிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். நாலாக மடித்தார், ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டார், சேலை மடியில் செருகிக்கொண்டார். "கூரைக்குக் கீழ வேணாங்க அம்மா," என்றார். "எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க பாலக் கொண்டாங்க, மேக்கால அடுப்பு வெச்சாச்சு."

நான் பால் எடுக்கப் போனேன்.